உமிக் கம்பெனியின் திருஷ்டிப் பூசணி

ஆயுத பூஜை நெருங்கினால் பூந்தமல்லி நெடுஞ்சாலை ஓரமெல்லாம் பூசணிக்காய் குவிந்துவிடும். சாம்பல் பூத்த அந்தக் காய்களைப் பார்த்தாலே எனக்கு உள்ளங்கை வியர்க்கும். வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். கரப்பான் பூச்சியைக் கையால் அடிக்கிறவள், பாம்பு வந்தால் கம்பைத் தேடுகிறவள், பூசணிக்காய்க்குப் பயப்படுகிறாளே என்று என் கணவருக்கு அது தீராத வேடிக்கை. நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிடுவேன். சிரிக்காமல் காரணத்தைச் சொல்ல ஆரம்பித்தால் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரைப் பற்றிச் சொன்னால் என் லட்சணத்தையும் சொல்ல வேண்டும். அதற்குத் தைரியம் வராமலேயே இத்தனை வருஷத்தை ஓட்டிவிட்டேன். இப்போது வந்துவிட்டது என்றும் சொல்ல மாட்டேன்.

எண்பதுகளின் கடைசியில் நான் வேலைக்குச் சேர்ந்தது திருமழிசைத் தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனி. அப்பா ஆவடியில் ராணுவத் தொழிற்சாலை ஊழியர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து குவார்ட்டர்ஸில் குடியேறிய குடும்பம் எங்களுடையது. வேதியியலில் பட்டம் வாங்கிவிட்டு ஒன்றரை வருஷம் வீட்டில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். அப்பாவோடு வேலை பார்த்த ஒருவரின் சிபாரிசில் இந்தக் கெமிஸ்ட் வேலை கிடைத்தது. காலையில் ஆவடியில் ஒரு பஸ், பூந்தமல்லியில் இறங்கி இன்னொரு பஸ். திருமழிசையில் இறங்கிய பிறகு யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. பாதாம் பருப்பை இடித்துப் போட்டது போன்ற ஒரு வாசனை வரும். அது எந்தப் பக்கம் கூடுகிறதோ அந்தப் பக்கம் நடந்தால் போதும், எங்கள் கேட் வந்துவிடும்.

நெல் உமியிலிருந்து ஃபர்ஃபுரால் என்ற ரசாயனத்தை எடுக்கிற கம்பெனி அது. மாடு கூடத் தின்னாத உமி, செங்குன்றத்து அரிசி ஆலைகளிலிருந்து லாரி லாரியாக வந்து மலையாகக் கிடக்கும். அதை ஒரு பெரிய இரும்புக் கலத்தில் கொட்டி, நீர்த்த கந்தக அமிலத்தைக் கலந்து, மூடியை இறுக்கி, கொதிகலனிலிருந்து நீராவியை உள்ளே விட்டு அழுத்தத்தில் வேகவைப்பார்கள். உமியின் நாரில் பிணைந்திருக்கும் ஒரு வகைச் சர்க்கரை பிரிந்து, உருமாறி, ஆவியோடு ஆவியாக மேல்குழாய் வழியே வெளியே வரும். அதைக் குளிரவைத்துக் காய்ச்சி வடித்தால் வைக்கோல் நிறத்தில் ஒரு திரவம். காற்றுப் பட்டால் போகப் போக டிகாஷன் மாதிரி கறுத்துவிடும். மசகு எண்ணெயைச் சுத்திகரிக்க அது வேண்டும். அம்பத்தூர் வார்ப்பட ஆலைகளில் அச்சு மணலை இறுக்கிப் பிடிக்கும் பிசினுக்கும் அதுதான் மூலம். இதையெல்லாம் நான் வீட்டில் விளக்கினால் அம்மா கேட்டுக்கொள்ளவே மாட்டாள். அக்கம்பக்கத்தில் தவிட்டெண்ணெய்க் கம்பெனி என்று சொல்லிவைத்திருந்தாள். அந்தத் திரவம் பட்டுப் பட்டு என் விரல் நுனிகள் மஞ்சளும் காவியுமாகிவிட்டதில் அவளுக்கு வேறு கவலை. பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் கையைத்தான் பார்ப்பார்களாம். "உமியக் குத்திக் கை வலிச்ச கதையா இருக்கு, இதுக்கா உன்னப் படிக்க வச்சோம்?" என்பாள்.

உமி வேகும் அந்தக் கலத்துக்கு டைஜஸ்டர் என்று பெயர். அதன் முழுப் பொறுப்பும் ஃபோர்மேனுடையது. பாரிவாக்கத்துக்காரர், பூர்வீகமாக விவசாயக் குடும்பம். முப்பத்தைந்து வயதிருக்கும். ஆள் கட்டுமஸ்து, குரல் மட்டும் மெலிசு. அவரைப் போல ஒரு பயந்த மனிதரை நான் பார்த்ததில்லை. நீராவிக் குழாயைத் திறப்பதற்கு முன்னால் கன்னத்தில் போட்டுக்கொள்வார். திறந்த பிறகு நான்கு பேரிடம் "தொறந்துட்டேன், தொறந்துட்டேன்" என்பார். மூடியின் போல்ட்டுகளை உதவியாளர்கள் முடுக்கினாலும் தானே ஒரு சுற்று வந்து ஒவ்வொன்றையும் தட்டிப் பார்ப்பார். பூனை குறுக்கே போனால் பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டுத்தான் படியேறுவார். ஆட்கள் அவரை அண்ணாத்தே என்று கூப்பிட்டபடியே முதுகுக்குப் பின்னால் கேலி செய்வார்கள். முன்னாலும் செய்வார்கள். அவர் கோபித்துக்கொண்டதில்லை.

அந்த டைஜஸ்டர் ஏதோ மூடிப்போன ஆலையிலிருந்து பழைய விலைக்கு வாங்கியது. அதன் தலையில் இருந்த பாதுகாப்பு வால்வும் பழங்காலத்தது. வால்வின் மேல் ஒரு நீண்ட இரும்புத் தடி படுத்திருக்கும். தடியின் நுனியில் ஒரு எடைக்கல் தொங்கும். உள்ளே அழுத்தம் அளவு மீறினால் தடியைத் தூக்கிக்கொண்டு நீராவி வெளியேறிவிடும். பிரஷர் குக்கரின் மேல் வைக்கிற வெயிட் செய்கிற வேலைதான். ஃபோர்மேன் தினமும் காலையில் டைஜஸ்டரை ஒட்டிய மேடையேறி, ஒரு கழியால் அந்தத் தடியை லேசாகத் தூக்கிவிட்டு இறங்குவார். அது எங்கேயும் சிக்கிக்கொள்ளாமல் அசைகிறதா என்ற பரீட்சை. ஒரு நாளும் தவறியதில்லை. "இது மூச்சு உடற எடம், கெமிஸ்டம்மா. மனுசனுக்கே மூச்சு அடச்சா கண்ணு பிதுங்கிடுது, இது இன்னா பண்ணும் சொல்லு" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். நான் சிரித்தேன். என் வயதில் எனக்கு எதுவும் வெடிக்கும் என்றே தோன்றவில்லை.

நான் சேர்ந்த இரண்டாவது வருஷம் ஆயுத பூஜை. இரண்டு நாள் கொதி நிறுத்தி, கொட்டகையை அலசிவிட்டு, எல்லா இரும்புக்கும் வெள்ளிப் பெயிண்ட் அடித்தார்கள். உடைக்க ஒரு பூசணி, கட்ட ஒரு பூசணி. கட்டுகிற காயை ஃபோர்மேனே பொறுக்கி வாங்கியிருந்தார். ஒரு குழந்தையைப் போல இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தார், அத்தனை கனம். கம்பெனியில் நான் ஒருத்திதான் பெண். ஆகவே குங்குமம், சந்தனம், கோலம் எல்லாம் என் தலையில். அந்தக் காயில் முகம் எழுதுகிற வேலையும் எனக்குத்தான் வந்தது. உருட்டிய கண், முறுக்கிய மீசை, கோரைப் பல் என்று ரொம்ப ரசித்து எழுதினேன். எல்லோரும் பாராட்டினார்கள்.

வழக்கமாகக் கேட்டில் கட்டுவார்கள். அந்த வருஷம் டைஜஸ்டருக்கே கட்ட வேண்டும் என்று ஃபோர்மேன் பிடிவாதமாக இருந்தார். போகிற வருகிறவன் கண்ணெல்லாம் அதன் மேல்தான் விழுகிறதாம். கயிற்று உறியில் காயை வைத்துக்கொண்டு எங்கே கட்டுவது என்று மேடையில் சுற்றிச் சுற்றி வந்தார். குழாயில் கட்டினால் சூடு, காய் வெந்துவிடும். கைப்பிடியில் கட்டினால் நடக்க இடைஞ்சல். கீழே குங்குமத் தட்டோடு நின்று நின்று எனக்குக் கால் கடுத்தது. ஐந்து மணி பஸ்ஸை விட்டால் பூந்தமல்லியில் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அண்ணாந்து பார்த்தேன். வெள்ளிப் பெயிண்ட் பளபளக்க அந்தத் தடி அழகாக நீட்டிக்கொண்டிருந்தது.

"அந்தத் தடி நுனியிலயே கட்டிருங்கண்ணே. எல்லார் கண்ணுலயும் படும்."

அவர் தயங்கினார். "இதுலயா? இதுல வேணாம்மா."

"இவ்வளவு பெரிய இரும்பு ஒரு காயத் தாங்காதா?"

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு, "சரி, படிச்ச பொண்ணு சொல்லுது" என்று கட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். ஐந்து மணி பஸ் எனக்குக் கிடைத்துவிட்டது. நெம்புகோலின் நுனியில் எடை கூடினால் என்ன ஆகும் என்பது பள்ளிக்கூடத்திலேயே படித்து மார்க் வாங்கிய விஷயம். அன்றைக்கு அது என் மண்டையில் எங்கே போய் ஒளிந்துகொண்டது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

விஜயதசமிக்கு மறுநாள் காலை கொதி தொடங்கியது. அன்று ஃபோர்மேன் கழியால் தடியைத் தூக்கிப் பார்க்கவில்லை. திருஷ்டிக் காயைக் கட்டிவிட்டால் அப்புறம் தொடக் கூடாது, ஆட்டக் கூடாது. அது தானாகக் காய்ந்து விழ வேண்டும். இல்லையென்றால் அமாவாசையில் முறைப்படி இறக்க வேண்டும். நடுவில் கை வைத்தால் அது வாங்கி வைத்திருக்கிற கண்ணெல்லாம் கை வைத்தவன் மேல் இறங்கும். இது எங்கள் கொட்டகையில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம். ஒரு நாளும் தவறாத பரீட்சை அப்படித்தான் தவறியது.

பதினோரு மணி இருக்கும். லேபில் வேலையாக இருந்தேன். கொசு ரீங்காரம் போல ஒரு சத்தம் கேட்டது. எழுந்து விரட்டக் கூடப் பார்த்தேன். சத்தம் நிற்காமல் மெலிதாகி மெலிதாகிக் கூர்மையானபோது வெளியே வந்தேன். டைஜஸ்டர் மூடியின் விளிம்பிலிருந்து ஊசி போல ஒரு வெண்புகை. ஃபோர்மேனும், கொதிகலனைக் கவனிக்கிற பாய்லர்காரரும் பிரஷர் மீட்டரின் முன்னால் நின்றிருந்தார்கள். முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தது. மேல்குழாயில் உமி அடைத்துக்கொண்டிருந்தது என்பதும், நீராவிக் குழாய் முழுக்க மூடாமல் கசிந்துகொண்டிருந்தது என்பதும் பிற்பாடு தெரிந்தவை. அப்போது யாருக்கும் ஒன்றும் தெரியாது.

"ஸ்டீம மூடிட்டேன்டா. எறங்க மாட்டேங்குதே" என்றார் ஃபோர்மேன்.

"வால்வு தூக்கி அடிச்சுதா? அடிக்கல இல்ல? அப்ப பிரஷர் ஏறல அண்ணாத்தே. மீட்டருதான் பூட்ச்சி" என்றார் பாய்லர்காரர்.

ஃபோர்மேன் அதை நம்பினார். நம்பத்தான் செய்வார். அத்தனை வருஷமாகத் தினமும் தொட்டுப் பார்த்த வால்வு அது. தன் மூச்சைவிட அதன் மூச்சின் மேல் அவருக்கு நம்பிக்கை அதிகம். வேறு மீட்டர் எடுத்துவர ஆளை அனுப்பிவிட்டு, விரலால் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தார். முள் இன்னும் கொஞ்சம் நகர்ந்தது.

நான் மேலே பார்த்தேன். நான் எழுதிய முகம் என்னைப் பார்த்துப் பல்லை இளித்துக்கொண்டு தொங்கியது. உறியின் கயிறு விறைத்திருந்தது. எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அந்தக் கனம் அழுத்திப் பிடித்திருக்கிறவரை தடி எழும்பாது, வால்வு திறக்காது. பயம் வந்தால் நெஞ்சு படபடக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். எனக்கு நாக்கு செத்துப்போயிற்று. வாயைத் திறக்கிறேன், சத்தம் வரவில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் கால் முதலில் கேட்டின் பக்கம்தான் திரும்பியது. இரண்டு அடி வைத்தேன். அந்த இரண்டு அடியை நான் மறக்கவில்லை. அதற்குப் பிறகுதான் குரல் வந்தது.

"அண்ணே... பூசணி."

அவர் அண்ணாந்து பார்த்தார். ஏன், எப்படி என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. "எல்லாம் கேட்டாண்ட ஓடு! ஓடு!" என்று கத்தினார். அந்த மெலிசுக் குரலுக்குள் அப்படி ஒரு சத்தம் இருந்தது எங்களுக்குத் தெரியாது. சாக்குத் தையலை அறுக்கிற கத்தியை எடுத்துக்கொண்டு படியின் கீழே போய் நின்றார்.

ஓடிக்கொண்டிருந்த பாய்லர்காரர் திரும்பிக் கத்தினார். "அண்ணாத்தே, அத்த அறுக்காத! ஊட்ல மாசமா கீறாங்க, மறந்துட்டியா? உம்மேல எறங்கிடும்!"

உள்ளே கொதிக்கிற அமிலத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஃபோர்மேனும் அதற்குத் தயங்கவில்லை. படியில் ஒரு கால் வைத்தபடி அவர் நின்ற அந்தச் சில நொடிகளை நான் கேட்டிலிருந்து பார்த்தேன். அவர் பயந்தது காய்க்கு. வழக்கம்போலக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு மளமளவென்று ஏறினார். கயிற்றை அறுத்தார். காய் சிமென்ட் தரையில் விழுந்து சிதறியது. அடுத்த கணம் தடி எகிறிக்கொண்டு மேலே போனது. நான் அதுவரை கேட்டிராத ஓசை. கொட்டகை முழுக்க வெள்ளையாகிவிட்டது. பாதாம் வாசனை மூக்கில் ஏறி, தலையைச் சுற்றி, வாந்தி வந்தது. புகைக்குள்ளிருந்து அவர் இறங்கி வந்தபோது வலது கையைத் தன்னுடையதல்லாத ஒரு பொருளைப் போலத் தள்ளி நீட்டிப் பிடித்திருந்தார். உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை தோல் வெந்திருந்தது.

டைஜஸ்டர் பிழைத்தது. நாங்கள் பிழைத்தோம். அடுத்த வாரம், கையில் கட்டோடு அவரை ஆபீசுக்கு வரவழைத்தார் முதலாளி. வால்வுத் தடியில் பூசணியைக் கட்டியது யார் என்று தெரிய வேண்டும் அவருக்கு. நான் ரிப்போர்ட் நோட்டோடு மேசைக்கு அந்தப் பக்கம் நின்றேன்.

"கட்டுனதும் நான்தான் சார், அறுத்ததும் நான்தான்" என்றார் ஃபோர்மேன்.

முதலாளி கத்தித் தீர்த்தார். உனக்கு அறிவிருக்கிறதா, ஒரு குழந்தைக்குக் கூடத் தெரியுமே என்றார். அந்த வார்த்தை ஒவ்வொன்றும் எனக்குச் சேர வேண்டியது. நான் வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடும், அப்பா தலைகுனிவார், குவார்ட்டர்ஸ் முழுக்கப் பேசும், வரப்போகிற சம்பந்தம் கலையும் என்று ஒன்றன் மேல் ஒன்றாகப் பயம். நடுவில் ஒரே ஒரு தரம் ஃபோர்மேன் என்னைப் பார்த்தார். சொல்லேன் என்று கெஞ்சுகிறாரா, பார்த்தாயா என்று குத்திக்காட்டுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. நான் குனிந்து என் விரல் நுனிகளைப் பார்த்துக்கொண்டேன். அன்றோடு அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த மாதமே ஸ்பிரிங் வைத்த புது வால்வு வந்தது. பிறகு ஒரு நாள், அவர் மனைவிக்கு எட்டாம் மாதத்தில் குழந்தை தங்கவில்லை என்ற சேதியும் வந்தது. "நான் அப்பவே சொன்னேன் இல்ல?" என்று பாய்லர்காரர் ஒவ்வொருவரிடமும் தாழ்ந்த குரலில் சொன்னார். யாரும் மறுக்கவில்லை. இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை இல்லை என்று நானும் சொல்லவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மாலை பூந்தமல்லி பஸ் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். எனக்குக் கல்யாணமாகி, அதே கம்பெனியில் தலைமைக் கெமிஸ்ட்டாகியிருந்தேன். கூட என் நாலு வயது மகன். அவர்தான் முதலில் அடையாளம் கண்டார். "இன்னா கெமிஸ்டம்மா, நல்லா கீறியா? உம் புள்ளையா?" என்று சிரித்தார். ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேனாக இருக்கிறாராம். வலது கையை முதுகுக்குப் பின்னாலேயே வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் எனக்குள் வருஷக்கணக்காக அடைத்துக் கிடந்தது வெளியே வந்துவிட்டது.

"அண்ணே, அன்னிக்கு ஆபீஸ்ல நான் சொல்லிருக்கணும். அங்க கட்டச் சொன்னது நான்தான்."

அவர் திடுக்கிட்டார். கோபிப்பார், அழுவார், போகட்டும் என்பார் என்று எவ்வளவோ ஒத்திகை பார்த்திருந்தேன். அவர் பயந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். என் மகனைப் பார்த்தார்.

"அத்த எதுக்குமா இப்ப வாயால சொல்ற? புள்ளைய வேற பக்கத்துல வச்சிகினு! கட்ட சொன்னவங்களுக்கும் அதுல பங்கு கீதும்மா. கல்யாணம் ஆவாத பொண்ணாச்சேன்னுதான் ரெண்டும் நானுன்னு சொன்னேன். கை பூட்ச்சி, வேல பூட்ச்சி, புள்ள பூட்ச்சி. எல்லாம் எங்கிட்டயே வந்து முடிஞ்சிச்சி. முடிஞ்சத்த நீ ஏன் கூப்புடற?"

சொல்லிக்கொண்டே குனிந்து, அந்த வலது கையால் எங்கள் காலடி மண்ணை எடுத்தார். என்னையும் என் மகனையும் சேர்த்து மூன்று சுற்றுச் சுற்றினார். கையை என் முகத்துக்கு நேராக நீட்டினார். தோல் சுருங்கி இழுத்துக்கொண்டு, விரல்கள் முழுக்க விரியாத கை.

"துப்பு. மூணு வாட்டி. புள்ளையும் துப்பட்டும்."

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். அண்ணே, கண்ணும் இல்லை திருஷ்டியும் இல்லை, தடி நுனியில் கனம் கூடியது, அவ்வளவுதான், அது என் முட்டாள்தனம். உங்கள் குழந்தை போனதற்கும் நீங்கள் கயிற்றை அறுத்ததற்கும் சம்பந்தமே இல்லை. கெமிஸ்ட்டாக நான் அவருக்குக் கொடுத்திருக்கக்கூடிய ஒரே மருந்து அதுதான். என் மகன் என் விரலை இறுக்கிப் பிடித்திருந்தான்.

நான் அந்தக் கைக்குள் மூன்று முறை துப்பினேன். பிறகு என் மகனைத் தூக்கிப் பிடித்து, அவனையும் துப்பச் சொன்னேன்.